மீன் தொட்டியில் பாக்டீரியா நோய்: அடையாளம் காண்பது முதல் குணமாக்குவது வரை

கறுப்பு மோலி ஒன்றின் உதட்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தீனித் துணுக்கு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அந்த வெள்ளை மூக்கு வரை ஏறியிருந்தது, வாயை மூட முடியாமல் மீன் மூலையில் நின்றது. பூஞ்சை என்று நானே முடிவு செய்து மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன். சூடு வைத்தால் சீக்கிரம் சரியாகும் என்று கேள்விப்பட்டிருந்ததால் ஹீட்டரையும் 30 டிகிரிக்கு ஏற்றினேன். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மோலிகள் இருந்தன. ஞாயிறு காலையில் ஒன்றுதான் மிஞ்சியது.

அது பூஞ்சையே இல்லை, கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். அதற்குச் சூடு என்றால் கொண்டாட்டம். சூடு ஏற்றும் வைத்தியம் வெள்ளைப் புள்ளி நோய்க்கு உரியது, அது ஒட்டுண்ணியால் வருவது. நோயின் பெயரைத் தப்பாகச் சொன்னதால் அந்த ஆறு மீன்களையும் நானே வேகமாகக் கொன்றேன். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நோயைக் கண்டுபிடிப்பதற்கே போகிறது. மருந்து அப்புறம். இங்கே சொல்வதெல்லாம் நம் ஊர் வெயிலில், வீட்டில் வைத்திருக்கும் நன்னீர்த் தொட்டிக்கு.

பாக்டீரியா ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது

மீனைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பல, ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்றவை, எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. தரைக் கல்லில், ஃபில்டரில், மீனின் தோலில், குடலில்கூட. ஆரோக்கியமான மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப்படலம் அவற்றை உள்ளே விடாது. மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறதே, அதுதான் அதன் முதல் கவசம். அம்மோனியா அந்தக் கவசத்தை அரிக்கிறது. முரட்டு வலை அதைக் கிழிக்கிறது. கூட்ட நெரிசலும் பயமும் மீனின் எதிர்ப்பு சக்தியையே குறைத்துவிடுகின்றன. காத்திருந்த பாக்டீரியா அப்போது உள்ளே நுழைகிறது.

ஆக, 'எந்தக் கிருமி வந்தது?' என்று கேட்பதற்கு முன்னால் 'கடந்த இரண்டு வாரத்தில் தொட்டியில் என்ன மாறியது?' என்று கேளுங்கள். புது மீன் விட்டோமா? ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினோமா? இரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றதா? ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை தீனியை அள்ளிப் போட்டதா? லாரித் தண்ணீர் ஊற்றினோமா? பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வரும்.

முதல் படி: பத்து நிமிடம் சும்மா பாருங்கள்

காலையில் தீனி போடுவதற்கு முன் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியில் தட்டாமல், இரண்டடி தள்ளி உட்காருங்கள். நாம் கிட்டே போனதும் எல்லா மீனும் தீனிக்காகத் துள்ளும், நோயுற்ற மீனும் கொஞ்சம் நடிக்கும். நாம் அசையாமல் இருந்தால்தான் அதன் உண்மை நிலை தெரியும்.

முதலில் செவுள் மூடியின் அசைவை எண்ணுங்கள். முப்பது வினாடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது? இனத்துக்கு இனம் இது மாறும் என்பதால் அதே இனத்தில் நன்றாக இருக்கும் மீனோடு ஒப்பிடுவதுதான் சரி. ஒன்று மட்டும் வேகமாக மூச்சு வாங்கினால் அந்த மீனுக்குப் பிரச்சினை. எல்லாமே வாங்கினால் தண்ணீருக்குப் பிரச்சினை. ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்து மறுபக்கம் இறுக மூடியிருந்தால் செவுளில் நோய் இருக்கலாம்.

அடுத்து, துடுப்பை விரித்து வைத்திருக்கிறதா, உடம்போடு ஒட்டி மடக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டமாகத் திரியும் டெட்ரா ஒன்று தனியே ஒதுங்கினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செல்போன் டார்ச்சை எடுத்து, தொட்டியின் மேலிருந்து மீனின் முதுகையும், பக்கவாட்டில் சாய்வாக அதன் உடம்பையும் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மங்கலும் செதில் தூக்கலும் சாய்வு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு நோய் பரவியதா நின்றதா என்று ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது, படத்தை வைத்துச் சொல்லலாம்.

இரண்டாம் படி: தண்ணீரைச் சோதிப்பது

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (அமில, கார அளவு) ஆகிய நான்கையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம்.-ஐ (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டக்கூடாது, 20-க்குள் இருந்தால் நல்லது.

நம் ஊரில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அம்மோனியாவின் நச்சு பி.எச்.-ஐயும் சூட்டையும் பொறுத்தது. 30 டிகிரியில், பி.எச். 7 உள்ள தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். போர் தண்ணீர் பல இடங்களில் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கிறது. டெஸ்ட் கிட் இரண்டு வீட்டிலும் ஒரே நிறம் காட்டும், ஆனால் ஒரு வீட்டில் மீன் தாங்கும், இன்னொரு வீட்டில் செவுள் வெந்துபோகும். வெயில் காலத்தில் இதோடு ஆக்ஸிஜனும் குறையும், சூடான தண்ணீருக்கு அதைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. சித்திரை, வைகாசியில் தொட்டி நோய்கள் கூடுவதற்கு இவை முக்கியமான காரணங்கள்.

சோதனையில் அம்மோனியா தெரிந்தால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரினை நீக்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆன்ட்டி குளோரின் சொட்டு போடலாம், அல்லது வாளியில் ஏர் ஸ்டோன் ஓடவிட்டு 24 மணி நேரம் வைக்கலாம். லாரித் தண்ணீரில் குளோரின் தூக்கலாக இருக்க வாய்ப்புண்டு. மூக்கை வைத்துப் பார்த்து வாடை வந்தால் அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

வால் நுனி லேசாக அழுகியது, துடுப்பு ஓரம் வெளுத்தது போன்ற ஆரம்பக் கோளாறுகளில் பாதிக்கு மேல், ஒரு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினாலே சரியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பெயர் சொல்லிப் பிடிப்பது

*கொலம்னாரிஸ்.* இதைத்தான் அதிகம் பேர் பூஞ்சை என்று நினைத்து ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1922-இல் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை முதலில் விவரித்தார். நுண்ணோக்கியில் இந்த பாக்டீரியாக்கள் தூண் தூணாகக் குவிந்து நின்றதால் இந்தப் பெயர் வந்தது. வாயைச் சுற்றி வெளிர் சாம்பல் அல்லது லேசான மஞ்சள் படிந்த வெள்ளை தெரியும். முதுகுத் துடுப்பின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் குதிரைச் சேணம் போட்டது போல வெளுத்த பட்டை இறங்கும். மோலி, கப்பி, டெட்ராவில் அதிகம் வரும்.

பூஞ்சையிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பூஞ்சை என்றால் இலவம்பஞ்சு போல நூல் நூலாக வெளியே நீட்டிக்கொண்டு, மீன் அசையும்போது தானும் அலையும். கொலம்னாரிஸ் தோலோடு ஒட்டிய மாவு பூசினாற்போல இருக்கும், அலையாது. இன்னொரு வித்தியாசம் வேகம். பூஞ்சை பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள காயத்தின் மேல் மெதுவாக வளரும். கொலம்னாரிஸ் செவுளுக்குள் இறங்கிவிட்டால், வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் ஒன்றிரண்டு நாளில் மீன் போய்விடும். இறந்த மீன் அப்போதுதான் போனதென்றால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் இழைகள் பழுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கரைந்திருந்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இது என்று தோன்றிய நிமிடமே ஹீட்டரை அணையுங்கள். 24, 25 டிகிரிக்குக் கொண்டுவர முடிந்தால் நோயின் வேகம் குறையும். மூடியைத் திறந்துவிட்டு டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிட்டால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள், திடீர் மாற்றம் மீனை இன்னும் தளர்த்தும்.

*வால், துடுப்பு அழுகல்.* துடுப்பின் ஓரம் வெண்மையாகி, கிழிந்த துணி போலப் பிசிறு பிசிறாகத் தேய்ந்து வரும். சில சமயம் துடுப்பெலும்புகளுக்கு இடையே சிவப்புக் கோடுகள் தெரியும். ஃபைட்டர் மீனில் இது மிக அதிகம். சிறிய கண்ணாடிக் குடுவையில் ஃபில்டர் இல்லாமல் வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். இன்னொரு மீன் கடித்திருந்தால் பிறை வடிவத்தில் சுத்தமாக வெட்டியது போல இருக்கும், ஓரத்தில் வெள்ளை இருக்காது. கடித்த காயத்திலேயே பின்னால் அழுகல் பிடிப்பதும் உண்டு. தேய்மானம் துடுப்பைக் கடந்து வாலின் சதை வரை வந்துவிட்டால் அது அவசரம், ஏனென்றால் அடிவேர் போய்விட்டால் துடுப்பு திரும்ப முளைக்காது.

*புண்ணும் ரத்தக்கசிவும்.* கோல்ட் ஃபிஷ், கோய் மீன்களில் செதில் உதிர்ந்து, நடுவில் சிவந்த சதை தெரியும் வட்டப் புண் வரும், சுற்றிலும் வெள்ளை விளிம்பு இருக்கும். ஏரோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் வழக்கமான காரணம். வயிற்றிலும் துடுப்பு அடியிலும் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தால் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது மேல்பூச்சு வைத்தியம் மட்டும் போதாது.

*செதில் தூக்கிய வீக்கம்.* ட்ராப்ஸி என்று கடைகளில் சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் அன்னாசிப் பழம் போலத் தெரியும். இது தனி நோய் கிடையாது. சிறுநீரகம் செயலிழந்து, உடம்பில் தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்குவதன் அடையாளம். சினைப் பிடித்த பெண் மீனுக்கும் வயிறு பெருக்கும், ஆனால் அதன் செதில் படிந்தே இருக்கும். செதில் முழுக்கத் தூக்கிவிட்ட மீன் பிழைப்பது அரிது. லேசாகத் தூக்கத் தொடங்கும்போதே கண்டுபிடித்தால் வாய்ப்புண்டு.

*கண் பிதுக்கம்.* ஒரு கண் மட்டும் என்றால் முட்டிக்கொண்ட காயமாக இருக்கலாம், சுத்தமான தண்ணீரிலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். இரண்டு கண்ணும் பிதுங்கினால் உள்ளே தொற்று இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

*மீன் காசநோய்.* மாதக்கணக்கில் நடக்கும். நன்றாகத் தின்றுகொண்டே மீன் மெலியும், வயிறு உள்ளே போகும், நிறம் மங்கும், முதுகெலும்பு வளையும், சில சமயம் ஆறாத புண் வரும். ஒன்று போய், ஆறு வாரம் கழித்து இன்னொன்று போகும். கப்பியில் பிறவியிலேயே முதுகு வளைந்ததும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள். 1926-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து இந்தக் கிருமியை முதலில் பிரித்தெடுத்தார்கள். வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான வைத்தியம் இதற்கு இல்லை.

இது மனிதருக்கும் தொற்றும். கையில் கீறல் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டால், சில வாரம் கழித்து அந்த இடத்தில் ஆறாத சிவப்புக் கட்டி வரலாம். இந்தக் கிருமிக்கு 30 டிகிரி அளவுச் சூடுதான் பிடிக்கும் என்பதால் பெரும்பாலும் விரல், கை, முழங்கையோடு நின்றுவிடும். அப்படி ஒன்று வந்தால் தோல் மருத்துவரிடம் "நான் மீன் வளர்க்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். அது தெரியாமல் மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிட நேரும். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். ட்யூபை முழுக்கத் தொட்டிக்குள் அமிழ்த்தி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தால் தானாக இறங்கும்.

இன்னும் ஒன்று. ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கார் வளர்ப்பவர்கள் தலையில் குழி விழுவதையும் வெள்ளை நூல் போன்ற கழிவையும் பாக்டீரியா என்று நினைப்பதுண்டு. பெரும்பாலும் அது குடல் ஒட்டுண்ணியோடும் சத்துக் குறைவோடும் சேர்ந்த கோளாறு. இந்த வழிகாட்டியில் உள்ள மருந்துகள் அதற்குப் பொருந்தாது.

நான்காம் படி: தனித் தொட்டி

பெரிய தொட்டியில் மருந்து ஊற்றாதீர்கள். ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று நைட்ரேட் ஆக்கும் நல்ல பாக்டீரியாக்கள் உருவாகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆன்டிபயாடிக் அவற்றையும் பதம் பார்க்கும். நோய் போய் அம்மோனியா வந்து சேரும்.

20 முதல் 40 லிட்டர் வரை பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும், கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. அடியில் கல், மண் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பி.வி.சி. குழாய். மேலே மூடி அல்லது வலை. தண்ணீரைப் பழைய தொட்டியிலிருந்தே பாதி எடுத்து, மீதியைக் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரால் நிரப்புங்கள். டப்பாவில் லிட்டர் அளவைக் குறித்து மார்க்கரால் கோடு போடுங்கள், மருந்துக் கணக்கு முழுக்க அந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கிறது. ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பும் மருந்தும் சேர்க்க வேண்டும்.

வலை, வாளி, ட்யூப் எல்லாம் இதற்குத் தனி. ஒரே வலையை இரண்டு தொட்டிக்கும் பயன்படுத்தித்தான் பல வீடுகளில் நோய் பரவுகிறது.

கொலம்னாரிஸ் என்றால் மட்டும் ஒரு மீனைப் பிரித்தால் போதாது. ஒரு மீனில் தெரியும்போதே மற்றவற்றிலும் பெரும்பாலும் ஏறியிருக்கும். அதனால் அதே தொட்டியில் இருந்த எல்லா மீனையும் நோயுற்றதாகவே கருதி, நாள்தோறும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஐந்தாம் படி: உப்பு

கல் உப்பு போதும். லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 1 கிராம் கூட்டி, 3 கிராமில் நிறுத்துங்கள். 20 லிட்டர் டப்பாவுக்கு மொத்தம் 60 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். தனி மக்கில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், கல்லாகவே போட்டால் மீனின் மேல் பட்டுத் தோலைச் சுடும்.

உப்பு என்ன செய்கிறது? மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், வெளித் தண்ணீரில் குறைவு. அதனால் நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும், மீன் அதை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். தோல் புண்ணானால் இந்த வேலை பல மடங்கு ஆகும். வெளியிலும் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாரம் குறைந்து மீனுக்குத் தெம்பு மிஞ்சும். கொலம்னாரிஸ் கிருமிக்கும் உப்பு ஒத்துவராது. ஆனால் கோரிடோராஸ், லோச் போன்ற மீன்களுக்கு 1 கிராமோடு நிறுத்துங்கள். செடித் தொட்டியில் வேண்டவே வேண்டாம்.

வீக்கத்துக்கு மட்டும் எப்சம் உப்பு, அதாவது மருந்துக் கடையில் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட். 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து ஊற்றினால் தேங்கிய நீர் இறங்க உதவும்.

நாட்டு வாதுமையின் காய்ந்த இலை ஃபைட்டர் மீனுக்கு நல்லது, தண்ணீரைச் சற்றே அமிலமாக்கும், கிருமியை லேசாகக் கட்டுப்படுத்தும். ஆரம்ப நிலை வால் அழுகலுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். முற்றிய நோய்க்கு அதையே நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஆறாம் படி: பொட்டாசியம் பெர்மாங்கனேட்

தோல், வாய், செவுளின் வெளிப்புறத்தில் உள்ள தொற்றுக்கு இது நல்ல மருந்து, மலிவும்கூட. ஆனால் அளவு தவறினால் செவுளை எரித்துவிடும். ஒரு சிட்டிகை போடு, இரண்டு சிட்டிகை போடு என்று சொல்வதைக் கேட்காதீர்கள்.

1 கிராமை நிறுத்து 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள். இந்தக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கும். தனித் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் வீதம், 20 லிட்டருக்கு 40 மில்லிலிட்டர், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குள் பழுப்பாக மாறிவிட்டால் தண்ணீரில் அழுக்கு அதிகம், மருந்து அதிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை பக்கத்திலேயே இருங்கள். மீன் சாய்ந்தாலோ மேலே வந்து திணறினாலோ உடனே பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். நான்கு மணி நேரம் முடிந்ததும் எப்படியும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். பி.எச். 8-க்கு மேல் உள்ள போர் தண்ணீரில் இது செவுளில் பழுப்பாகப் படியும் என்பதால் அங்கே இதைத் தவிர்ப்பதே நல்லது.

ஏழாம் படி: ஆன்டிபயாடிக், அதுவும் தேவைப்பட்டால்தான்

வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். மனம் வலிக்கிறது, ஏனென்றால் அதைச் செய்பவர்கள் மீன் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயப் பரிசோதனையை வைத்து பாக்டீரியாக்களை கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நன்னீர் மீனைத் தாக்குபவை பெரும்பாலும் கிராம் நெகட்டிவ். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் முக்கியமாக கிராம் பாசிட்டிவ் வகைக்குத்தான் வேலை செய்யும். அமாக்ஸிசிலினும் ஏரோமோனாஸ் போன்றவற்றிடம் பலிக்காது. கொட்டியதில் ஃபில்டருக்குக் கேடு, கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் பழக்கம், மீனுக்கு ஒன்றுமில்லை.

ஆன்டிபயாடிக்குகள் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியவை. கால்நடை மருத்துவரிடம் மீன் படத்தையும் தண்ணீர் அளவுகளையும் காட்டிக் கேளுங்கள். மீன் நோய் தெரிந்த மருத்துவர்கள் குறைவுதான். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய அளவில் மீன் சாகும்போது, சென்னை கொளத்தூர் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் போல நிறைய மீன் வளர்ப்பவர்கள், அங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மருத்துவர் ஆக்ஸிடெட்ராசைக்ளின் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த கடினத்தன்மையுள்ள போர் தண்ணீரில் இதைக் கரைத்தால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். வெளிச்சத்திலும் கெட்டுவிடும், அதனால் தொட்டியைத் துணியால் மூட வேண்டும். இதைத் தண்ணீரில் கரைப்பதைவிடத் தீனியில் கலந்து கொடுப்பது நல்ல வழி. உள்தொற்றுக்கு எப்படியும் தீனி வழிதான் சரி. நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பதே மிகக் குறைவு, பிறகு தண்ணீரில் கரைத்த மருந்து எப்படி வயிற்றுக்குப் போகும்?

தீனிக் கணக்கு இப்படி. வழக்கமான அளவு மீனின் எடையில் கிலோவுக்குச் சுமார் 75 மில்லிகிராம், நாள்தோறும், 10 நாள். மீன் தினமும் தன் எடையில் 1 சதவீதம் தின்னும் என்று வைத்தால், 10 கிராம் தீனிக்கு 75 மில்லிகிராம் மருந்து வரும். மீனை நிறுக்கத் தேவையில்லை. மருந்தை அரை டீஸ்பூன் தண்ணீரில் குழைத்துக் குருணைத் தீனியில் பிசிறி, நிழலில் உலர்த்தி, மேலே ஒரு துளி சமையல் எண்ணெய் தடவினால் தண்ணீரில் போட்டதும் மருந்து கரைந்துபோகாது. டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில், ஒரு வாரத்துக்கு மட்டும். இந்த நாட்களில் வேறு தீனி கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: தின்னும் மீனுக்கு மட்டுமே இந்த வழி. அதனால்தான் தின்னுவதை நிறுத்துவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மீன் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற நைட்ரோஃப்யூரசோன் மருந்து வெளிப்புற கொலம்னாரிஸுக்குப் பலன் தரும். ஆனால் இந்த வகை மருந்துகள் சாப்பிடும் மீன் வளர்ப்பில் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. புற்றுநோய் அச்சம் உள்ளதால் கையுறை போட்டு, தூளை மூச்சில் இழுக்காமல், அட்டையில் உள்ள அளவுப்படி பயன்படுத்துங்கள். மாற்றும் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கோ கிணற்றடிக்கோ ஊற்றாதீர்கள்.

எந்த மருந்தானாலும் மூன்றாம் நாள் மீன் தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் முழுக்க. இரண்டு ஆன்டிபயாடிக்கைத் தானாகக் கலக்காதீர்கள். ஐந்து நாளில் துளி முன்னேற்றமும் இல்லையென்றால் பெயரைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம். மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்ப் படங்களை மறுபடி பாருங்கள்.

காப்பாற்ற முடியாதபோது

செதில் முழுக்கத் தூக்கி, பக்கவாட்டில் விழுந்து, மூச்சுக்குத் திணறும் மீனை அப்படியே விடுவது கொடுமை. கழிவறையில் ஊற்றுவதும் வெயிலில் போடுவதும் அதைவிடக் கொடுமை. மருந்துக் கடையில் கிடைக்கும் கிராம்பு எண்ணெயை, லிட்டருக்கு 0.4 மில்லிலிட்டர் வீதம் எடுத்து, சிறு பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் போல ஆகும் வரை குலுக்குங்கள். மீன் இருக்கும் தொட்டித் தண்ணீரில் அதை மெதுவாகச் சேருங்கள். மீன் மயங்கும், பிறகு செவுள் நிற்கும். நின்ற பிறகும் அரை மணி நேரம் அதிலேயே வையுங்கள். பின்பு மண்ணில் ஆழமாகப் புதையுங்கள். நோயுற்ற மீனையோ, வளர்க்க முடியாத மீனையோ ஏரியிலும் குளத்திலும் விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன்கள் அப்படித்தான் நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கின்றன.

காசநோய் சந்தேகம் என்றால் வலை, ட்யூப்களை 70 சதவீத ஸ்பிரிட்டில் ஊறவைத்து உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடரை இந்தக் கிருமி ஓரளவு தாங்கும்.

திரும்ப விடுவது

மருந்து முடிந்த பிறகு கார்பன் போட்டும் தண்ணீர் மாற்றியும் மிச்ச மருந்தை நீக்குங்கள். உப்பை ஒரே நாளில் எடுக்காமல், நான்கைந்து நாள் தண்ணீர் மாற்றத்தில் கரைந்துபோக விடுங்கள். அதன்பின் இரண்டு வாரம் மருந்தே இல்லாமல் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வாலின் ஓரத்தில் கண்ணாடி போல நிறமற்ற மெல்லிய படலம் வளர்ந்திருக்கும். அது திரும்ப அழுகுகிறது என்று பயந்து மறுபடி மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. அழுகல் பால் வெண்மையாக, பிசிறாக இருக்கும். புதுத் துடுப்பு டார்ச் வெளிச்சத்தை ஊடுருவ விடும், ஓரம் சீராக இருக்கும். நிறம் சில வாரம் கழித்து வரும்.

இதே தனித் தொட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். இனி வாங்கும் ஒவ்வொரு மீனும் முதல் நான்கு வாரம் அதில்தான். அதன் ஸ்பான்ஜை மட்டும் காயவிடாமல் பெரிய தொட்டியின் மூலையில் போட்டு வைத்தால், எப்போது வேண்டுமானாலும் நல்ல பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். அந்தத் தனித் தொட்டியில் கொலம்னாரிஸோ காசநோயோ வந்திருந்தால் பழைய ஸ்பான்ஜைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள்.

குணமான மீனைப் பெரிய தொட்டியில் சாயங்காலம் விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். புதிதாக முளைத்த துடுப்பு மற்ற மீன்களுக்குத் தீனி போலத் தெரியும். இருட்டில் போனால் காலையில் அது பழைய ஆள் போலக் கூட்டத்தில் கலந்திருக்கும்.